இருக்கார்

ஜூன் 4

அண்ணிக்கு,

நலம் விசாரிக்கப் போவதில்லை. நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள்.

அப்பாவின் சாமான்களுக்காக எழுதுகிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து அவரை நேராக என் காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டதால், ஈரமான ஒரு ஜோடித் துணியைத் தவிர அவரிடம் எதுவும் இல்லை. என் வீட்டுக்காரரின் சட்டையைப் போட்டுக்கொண்டிருக்கிறார். உள்ளே இன்னொரு ஆள் தங்கலாம், அவ்வளவு தொளதொளப்பு. சட்டைகள், இரவுக்குப் போடுகிற பைஜாமா, பழுப்புக் கம்பளி பனியன், பிரஷர் மாத்திரை, வீட்டுச் செருப்பு, காது மிஷின். எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு அனுப்பவும். காது மிஷின் முக்கியம்.

போன் செய்ய வேண்டாம், எடுக்க மாட்டேன். குடும்ப குரூப்பில் எழுதலாம் என்றால் நீங்கள்தான் கோபித்துக்கொண்டு வெளியேறிவிட்டீர்களே. அண்ணனிடம் சொன்னால் "ம்" என்பார், அதோடு சரி. அதனால்தான் காகிதம்.

டாக்டர் என்னைக் கேட்ட கேள்வியை நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும். "நெஞ்சு பூரா சளி. எழுபத்தெட்டு வயசுக்காரரை ராத்திரி முழுக்க ஏரிக்கரையில எப்படிம்மா விட்டீங்க?" நான் என்ன சொல்லட்டும்? எங்கள் குடும்பத்தில் வருஷா வருஷம் கோடையில் எல்லாரும் சேர்ந்து போய்க் கூடாரம் போட்டுத் தங்குவோம், போன இடத்தில் ஒருத்தரை மறந்து வைத்துவிட்டு வருவோம் என்றா?

நான் மறக்கவில்லை. பகல் முழுக்க அக்கரையில் இருந்துவிட்டுக் கூடாரத்துக்குத் திரும்பும்போது அந்தப் படகுத்துறையில் நின்று விசில் ஊதினேன். எப்போதும் போல ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். அண்ணன், சின்ன அத்தை, அவர் பையன் தாடி, எல்லாரும் குரல் கொடுத்தார்கள். "அப்பா!" என்றேன். "இருக்கார்!" என்று குரல் வந்தது. உங்கள் குரல். அதை நம்பித்தான் படகுகளைக் கிளப்பச் சொன்னேன். இந்தப் படகில் இருந்தவர்கள் அவர் அந்தப் படகில் என்றும், அந்தப் படகில் இருந்தவர்கள் இந்தப் படகில் என்றும் நினைத்துக்கொண்டோம். கூடாரத்தில் ஒருவர் சாப்பாடு மிஞ்சியபோதுதான் தெரிந்தது. அதற்குள் காற்றும் மழையும் பிடித்துக்கொண்டன. படகுக்காரர் துறையை விட்டு நகர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். விடிந்த பிறகுதான் போய் அவரைக் கூட்டிக்கொண்டு வர முடிந்தது.

இல்லாதவரை "இருக்கார்" என்றவர் நீங்கள். அவரை இனிமேல் உங்கள் வீட்டுக்கு அனுப்புவதாக இல்லை.

அப்பாவின் மகள்


ஜூன் 9

டீச்சருக்கு,

பெட்டி இன்று கிளம்புகிறது. சட்டைகளின் காலரைத் திருப்பித் தைத்திருக்கிறேன், கிழிந்தது என்று நினைத்து வீசிவிடாதே. மாத்திரை காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, முன்பு அல்ல. கம்பளி பனியனை வெந்நீரில் போட்டால் அது உன் கடைக்குட்டிக்குத்தான் ஆகும். காது மிஷின் இங்கே இல்லை. அவரிடம் இருக்கிற பொருள்களில் தேடிப் பார்.

நீ கேட்டவை முடிந்தன. கேட்காதது ஒன்றும் எழுதுகிறேன்.

பதினோரு வருஷமாக மாமா இந்த வீட்டில் இருக்கிறார். உன் வீட்டுக்கு வந்து தங்கியது இரண்டு தடவை. அதில் ஒரு தடவை நீ பள்ளிக்கூட விளையாட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியூர் போய்விட்டாய். உன் வீட்டுக்குக் காவலாக இருந்துவிட்டு வந்தார். திடீரென்று நீ அவருடைய மகள் என்று கையெழுத்துப் போடுகிறாய். சந்தோஷம். காலம் கடந்தாவது ஞாபகம் வந்ததே.

அந்த விசிலைப் பற்றி. தாடி சின்னப் பையனாக இருந்தபோது (அப்போது அவனுக்குத் தாடி கிடையாது) ஏரிக்கரையில் காணாமல் போய், புதர் மறைவில் தூங்கிக்கொண்டிருந்தவனைக் கண்டுபிடித்தோம். அன்றிலிருந்து நீ விசில் ஊத ஆரம்பித்தாய். நல்ல ஏற்பாடுதான். ஆனால் உன் ஆள் எண்ணிக்கை எப்படி நடக்கும் என்று நீ ஒரு நாளும் எதிரே நின்று பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன். நீ யார் முகத்தையும் பார்க்க மாட்டாய். துறையில் முதுகைக் காட்டி நின்று, கயிற்றையும் கூடையையும் கவனித்துக்கொண்டு, காதால் எண்ணுவாய். குரல் வந்தால் ஆள் வந்துவிட்டதாகக் கணக்கு.

மாமாவுக்குக் காது மந்தமான பிறகு பதில் சொல்ல நேரம் ஆகும். அவர் வாயைத் திறப்பதற்குள் நீ மறுபடியும் ஊதுவாய். "அப்பா! அப்பா இருக்காரா? யாராவது பாருங்களேன், ஆளு ஸ்டேஷனை விட்டுட்டாரா!" என்பாய். எல்லாரும் சிரிப்பார்கள். ரிட்டையர் ஆன ஸ்டேஷன் மாஸ்டரிடம் அந்த நகைச்சுவையை வருஷா வருஷம் சொல்ல உனக்கு மட்டும்தான் முடியும். அந்தச் சிரிப்பைக் கேட்கப் பிடிக்காமல்தான் நான் "இருக்கார்" என்று சொல்ல ஆரம்பித்தேன். இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீ ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்து, "அவரே சொல்லட்டும் அண்ணி" என்றதில்லை.

பதில் சொன்ன வாயைப் பிடிக்கிறாய். கண்ணை வைத்துக்கொண்டு எண்ணாத ஆளை யார் பிடிப்பது?

உன் அண்ணனின் மனைவி


ஜூன் 14

அண்ணிக்கு,

பெட்டி வந்தது. உங்கள் பாடமும் வந்தது. குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்க அடுத்தவர் தண்ணீரில் அழுக்குத் தேடுகிற உத்தியோகம் உங்களுக்கு. வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண்ணாடியைக் கழற்றுவதில்லை போலிருக்கிறது.

காது மிஷினைத் தேடிப் பார் என்று எழுதியிருக்கிறீர்கள். எதில் தேட? ஆஸ்பத்திரியில் கொடுத்த பையில் ஈரச் சட்டை, துண்டு, வெறும் கண்ணாடிக் கூடு. அவ்வளவுதான். கண்ணாடி அவர் மூக்கில் இருக்கிறது. மிஷினைத் தொலைத்துவிட்டோம் என்று நேராகச் சொல்லிவிடுங்களேன்.

இப்போது முக்கியமான விஷயம். அப்பா சரியாக இல்லை. சளி இறங்கிவிட்டது, அதைச் சொல்லவில்லை. கூப்பிட்டால் திரும்புவதில்லை. "சாப்பிட வாங்க" என்று கத்துகிறேன், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஏன் படகுக்கு வரவில்லை என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். பதிலே இல்லை. பேரன்கள் பந்து உதைத்து அது அவர் காலில் பட்டாலும், குனிந்து எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடியும் ஜன்னல்.

ஞாபக மறதிக்குப் பார்க்கிற டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். "பெரியவரே, இப்ப எங்க இருக்கீங்க?" என்று கேட்டார். அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "பிளாட்பாரத்துல" என்றார். டாக்டர் என்னைக் காட்டி, "இவங்க யாருன்னு தெரியுதா?" என்றார். அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். "டீச்சர்" என்றார்.

பெற்ற மகளைத் தெரியவில்லை, அண்ணி. டாக்டர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டியபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்குத் தோன்றாது. விடுங்கள்.

பாதுகாப்பான இடம் ஒன்று பார்த்திருக்கிறேன். முதியோர் இல்லம் என்றால் நீங்கள் நினைப்பது போல இல்லை, தோட்டம் இருக்கிறது, நர்ஸ் இருக்கிறார். ஒரு அறை காலியாகிறது. இந்த மாதக் கடைசிக்குள் முடிவு சொல்ல வேண்டும். அண்ணனிடம் பேசிவிட்டேன், சரி என்று சொல்லிவிட்டார். உங்களுக்குத் தகவலுக்காக எழுதுகிறேன், அனுமதிக்காக அல்ல. அவர் பாட்டுக்கு எழுந்து எங்காவது போய்விட்டால், இன்னொரு ஏரிக்கரையில் விடிய விடியக் காத்துக் கிடக்க என்னால் முடியாது.

இல்லத்துக்குப் போன பிறகு நீங்கள் தாராளமாகப் போய்ப் பார்க்கலாம். பார்க்கும் நேரம் மாலையில்.


ஜூன் 18

டீச்சருக்கு,

உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றபடியே படித்தேன். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தது. அதை இன்னும் துடைக்கவில்லை. முதலில் இதை எழுதிவிட்டுத் துடைக்கிறேன்.

உன்னை அவருக்குத் தெரியவில்லையா? இந்தக் குடும்பத்தில் உன்னை வேறு எப்படி, யார் கூப்பிடுகிறார்கள்? உன் அண்ணன் டீச்சர் என்கிறார். சின்ன அத்தை டீச்சர் என்கிறார். உன் வீட்டுக்காரரே, "டீச்சர், காபி கிடைக்குமா?" என்றுதான் கேட்கிறார். வேலை கிடைத்த அன்று நீதான் வீடு முழுக்க அப்படிக் கூப்பிடச் சொன்னாய். மாமா சரியான விடை சொல்லியிருக்கிறார். நீ அதற்கு முட்டை மார்க் போட்டிருக்கிறாய்.

பிளாட்பாரம் என்றதைப் பற்றி. நாற்காலிகள் வரிசையாகப் போட்ட ஒரு கூடம், எல்லாரும் கையில் பையோடு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரு பெண் வந்து பெயர் கூப்பிட்டதும் ஒருவர் எழுந்து போகிறார். அந்த இடத்தை ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் வேறு எப்படிச் சொல்வார்? இங்கே பல் டாக்டரிடம் போனபோதும் அதைத்தான் சொன்னார். நானும் அவரும் சிரித்தோம். நீ மருந்துச் சீட்டோடு வந்திருக்கிறாய்.

கூப்பிட்டால் திரும்பவில்லை என்கிறாய். எந்தப் பக்கம் நின்று கூப்பிடுகிறாய்? வலது காது அடியோடு போய்விட்டது. இடது பக்கம் வந்து, அவர் கண்ணில் படும்படி நின்று, ஒரு தடவை கேட்க வேண்டும். பிறகு சும்மா நிற்க வேண்டும். அவர் பேப்பரை மடிப்பார், கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அதன் பிறகு சொல்வார். சில சமயம் மறுநாள் காலையில் சொல்வார். ஸ்டேஷனில் இருந்தவரையில், பாதை காலி என்று அடுத்த ஸ்டேஷனிலிருந்து லைன் கிளியர் வராமல் கொடி அசைத்ததில்லை. கத்தக் கூடாது. கத்தினால் மூடிக்கொள்வார். நீ இருபத்தைந்து வருஷமாக மைதானத்தில் பேசிப் பேசி, உனக்கு அது கத்தலாகவே தெரிவதில்லை.

உன் அண்ணனிடம் கேட்டேன். "இல்லத்துக்கு சரின்னு சொன்னீங்களா?" "நான் எங்க சொன்னேன்? அவ சொல்லிக்கிட்டே போனா, 'ம்'னேன்." "அந்த 'ம்'தான் சரின்னு ஆயிருக்கு." "அப்படியா?" என்றார். அப்பனை அனுப்ப இந்த வீட்டில் ஓர் எழுத்து போதுமாம்.

கடைசியாக மிஷின். நான் தொலைக்கவில்லை. படகில் அக்கரைக்குப் போன அன்று காலை, கூடாரத்துக்கு வெளியே அவரை உட்கார வைத்துப் புது பேட்டரி போட்டு, இடது காதில் நானே மாட்டினேன். பறவைச் சத்தமாவது கேட்கட்டுமே என்று. வீட்டில் இரைச்சல் என்று கழற்றிக் கழற்றி வைப்பார், அன்று கழற்றவே இல்லை. வெறும் கண்ணாடிக் கூடு என்று எழுதியிருக்கிறாயே, அதைத் திறந்து பார்த்தாயா?

மாதக் கடைசி வரைக்கும் யாருக்கும் எந்த முடிவும் சொல்லாதே.


ஜூன் 22

அண்ணி,

கண்ணாடிக் கூட்டுக்குள்தான் இருந்தது. கைக்குட்டையில் சுற்றி, பேட்டரியைத் தனியாகக் கழற்றி வைத்திருக்கிறார். மழையில் நனையாமல் பத்திரப்படுத்தியிருக்கிறார். மறதிக்காரர் செய்கிற காரியமா இது என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நான் அவரிடம் வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொன்னேன்.

ஒரே ஒரு கேள்வி. நேரடியாகப் பதில் சொல்லுங்கள், சுற்றி வளைக்காதீர்கள். அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நாங்கள் அந்தப் பெரிய மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது மிஷின் அவர் காதில் இருந்ததா? அவர் எனக்குக் கொஞ்சம் தள்ளி, மடக்கு நாற்காலியில், தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு சாய்ந்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன்.

இருந்தது என்று உங்களுக்குத் தெரியுமா? தெரிந்திருந்தால் அப்போதே ஏன் சொல்லவில்லை?


ஜூன் 26

டீச்சருக்கு,

நேரடியான பதில்: இருந்தது. தெரியும்.

நான் ஏரியோரத்தில் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். தண்ணீர் பக்கத்தில் இருந்தால் பேச்சு நன்றாகக் கேட்கும். நீ தர்ப்பூசணியை வெட்டிக்கொண்டே உன் அண்ணனிடம், "அவருக்கு ஒண்ணும் கேக்காது, தைரியமா பேசுண்ணா" என்றாய். பிறகு, "இன்னும் எத்தனை வருஷம் இப்படியே இழுத்துக்கிட்டுப் போறது? ஒரு நல்ல இல்லமாப் பாத்து விட்டுட்டா எல்லாருக்கும் நிம்மதி. அண்ணிக்கும் வாழ்க்கைன்னு ஒண்ணு வேணாமா?" என்றாய். உன் அண்ணன் "ம்" என்றார். நீ ஒரு துண்டு பழத்தை எடுத்துக் கொண்டுபோய் மாமாவின் கையில் வைத்தாய். அவர் தொப்பியை விலக்கி வாங்கிக்கொண்டார். கொட்டைகளைக்கூட ஒழுங்காகத் துப்பிச் சாப்பிட்டு முடித்தார்.

நான் எழுந்து வந்து, "அவர் காதில் மிஷின் இருக்கு" என்று சொல்லியிருக்கலாம்தான். சொல்லவில்லை. நீ பேச நினைத்ததை முழுவதும் பேசி முடிக்கட்டும், அவரும் ஒரு தடவை முழுவதுமாகக் கேட்கட்டும் என்று இருந்துவிட்டேன். என் வாழ்க்கையைப் பற்றி நீ கவலைப்பட்ட அந்த இடம் வந்தபோது ஒரு தட்டு கைநழுவித் தண்ணீருக்குள் போய்விட்டது. அது சின்ன அத்தையுடையது. இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஆக, நடந்தது என்ன என்பது எனக்குத் தெளிவாக இருக்கிறது. உனக்கும் இப்போது தெளிவாகியிருக்கும். மத்தியானம் தன்னை எங்கே கொண்டுபோய் விடப்போகிறார்கள் என்று கேட்டவர், சாயங்காலம் உன் விசிலைக் கேட்டும் துறைக்கு வரவில்லை. மறதி அல்ல, வழி தவறவும் இல்லை. மகள் பேசியதைக் கேட்ட மனிதன் மகளுடன் படகில் ஏற மறுத்துவிட்டான். சோதனைக்கு வருகிற எந்தத் தண்ணீரையும் அது எங்கே கெட்டது என்று பார்க்காமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை. இது அந்த மரத்தடியில் கெட்டது.

இல்லத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிடு. அவரை இங்கே அனுப்பு. அவருடைய பேப்பர் தினமும் வந்துகொண்டுதான் இருக்கிறது. நிறுத்தச் சொல்லவில்லை. காலையில் எனக்கு எதிர் நாற்காலியில் வைத்துவிட்டு வேலைக்குப் போகிறேன். யாரும் பிரிக்காத பேப்பர்கள் அடுக்காகச் சேர்ந்துவிட்டன, இடத்தை அடைக்கின்றன. வேறு காரணம் இல்லை.

உன் அண்ணி


ஜூலை 1

அண்ணிக்கு,

நேற்றோடு கெடு முடிந்தது. இல்லத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் சொன்னதற்காக அல்ல. கடைசிவரை படியுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் வேலைக்குப் போனேன். பள்ளிக்கூடத்தில் விசிலை எடுக்கவே கை வரவில்லை, பிள்ளைகள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்து, நீங்கள் எழுதியபடியே செய்தேன். மிஷினில் பேட்டரி போட்டேன். அவர் கையில் கொடுத்தேன், அவரே மாட்டிக்கொண்டார். இடது பக்கம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். "அப்பா, அன்னிக்கு ஏன் படகுக்கு வரலை?" என்று ஒரே தடவை கேட்டேன். சும்மா இருந்தேன். அண்ணி, சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அவர் கண்ணாடியைத் துடைத்தார். ஜன்னலைப் பார்த்தார். எனக்கு வாய் துடித்தது, நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

பிறகு சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை.

"வந்துக்கிட்டுதாம்மா இருந்தேன். விசில் நல்லாக் கேட்டுச்சு. துறைக்குக் கொஞ்ச தூரம்தான், அந்தப் பாறைக்கிட்ட வந்துட்டேன். அண்ணனைக் கூப்பிட்டே, அத்தையைக் கூப்பிட்டே, எல்லாம் கேட்டுச்சு. எத்தனையோ வருஷம் கழிச்சு முதல் தடவையா எனக்கு எல்லாமே கேட்டுச்சு. இன்னிக்கு நாமளே சொல்லிடலாம்னு தொண்டையைச் சரி பண்ணிக்கிட்டு நின்னேன். 'அப்பா'ன்னே. 'இருக்கேன்'னு சொல்ல வாயைத் திறந்தேன். அதுக்குள்ள உங்க அண்ணி 'இருக்கார்'னுட்டா. நீயும் 'சரி, ஏறுங்க'ன்னுட்டே. நான் இல்லாமலே கணக்கு சரியா வருது. அப்புறம் நான் எதுக்குன்னு அந்தப் பாறையிலயே உக்காந்துட்டேன்."

அவராகவே சிரித்தார். "வண்டியை அனுப்பிட்டு பிளாட்பாரத்துல நிக்கிறது எனக்கென்ன புதுசா? போன படகுக்குத் துண்டை ஆட்டிக்கூடக் காட்டினேன். ஒருத்தரும் திரும்பிப் பாக்கலை. மழை வந்ததும் படகுக்காரங்க கொட்டகைக்குள்ள போயிட்டேன். அங்க நல்லாத்தான் இருந்துச்சு, ஒழுகினது ஒரு மூலைதான்."

மத்தியானம் நான் பேசியதையும் கேட்டேன், அண்ணி. மறைக்கவில்லை. "நான் அண்ணன்கிட்ட சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சாப்பா?" என்றேன். அதற்குக் கண்ணாடியைக்கூடத் துடைக்கவில்லை. "அதை நீ பல வருஷமாச் சொல்லிக்கிட்டுதானே இருக்கே. அதுக்கெதுக்கு மிஷின்?" என்றார்.

அது எனக்கு விழுந்த அடி. வாங்கிக்கொண்டேன், உங்களிடம் சொல்லவும் செய்கிறேன். ஆனால் நீங்கள் எழுதிய அந்தத் தெளிவான முடிவு இருக்கிறதே, மரத்தடியில் கெட்டது என்று, அது தப்பு. சோதனை செய்தவர் சொந்தக் கையைக் கழுவவில்லை. மிஷின் மாட்டியது நீங்கள். அவருக்குக் கேட்கும் என்று அந்த இடத்தில் தெரிந்த ஒரே ஆள் நீங்கள். கேட்கிறவருக்குப் பதிலாக வாய் திறந்ததும் நீங்கள். நான் அவரை இல்லத்துக்கு அனுப்பப் பார்த்தேன். நீங்கள் அவர் நின்றுகொண்டிருக்கும்போதே அவர் இடத்தை எடுத்துக்கொண்டீர்கள்.

அவர் எங்கே இருக்க விரும்புகிறார் என்றும் கேட்டேன். "என்னை வேணும்கிறவ வந்து என்கிட்ட கேக்கட்டும்" என்றார். "அண்ணி கண்டிப்பா வருவாங்கப்பா, கேப்பாங்க" என்றேன். என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீயும் அவளுக்காகப் பதில் சொல்ல ஆரம்பிச்சுட்டியா?" என்றார்.

ஆகவே நான் எதுவும் சொல்லவில்லை. உங்கள் பதிலை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

டீச்சர்


ஜூலை 10

டீச்சருக்கு,

உன் கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். நல்ல பதில்தான். மூன்று பக்கம். நீ சொன்னதில் எது மிகை, எது உன் பங்கு என்று பிரித்துக் காட்டியிருந்தேன். உன் விசிலுக்கு அஞ்சித்தான் அந்தப் பழக்கமே வந்தது என்பதை மறுபடியும் ஒரு தடவை நிரூபித்திருந்தேன். அதில் ஒரு வரியும் பொய் இல்லை.

மறுநாள் மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர், "பெரியவரைக் காணோமே, நல்லா இருக்காரா?" என்று கேட்டார். "நல்லா இருக்கார்" என்றேன். கேள்வி முடிவதற்குள் சொல்லிவிட்டேன். படி இறங்கும்போதுதான் தோன்றியது, அது எனக்கு எப்படித் தெரியும்? அவரை நான் பார்த்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. வீட்டுக்கு வந்து அந்த மூன்று பக்கத்தையும் கிழித்துப் போட்டேன். அதை நீ படிக்க முடியாமல் போனதில் எனக்கு வருத்தம்தான், நன்றாக வந்திருந்தது.

நீ சொன்னது சரி என்று இங்கே எழுதப் போவதில்லை. அதைக் கேட்க வேண்டியவர் நீ அல்ல. உன் மேல் எனக்கு இருக்கிற கோபமும் அப்படியேதான் இருக்கிறது. அவர் சாப்பிட்ட தர்ப்பூசணியை நான் மறக்க மாட்டேன். நீ என் "இருக்கார்" என்பதை மறக்காதது போலத்தான். அடுத்த கோடையில் ஏரிக்கு எல்லாரும் போவோமா என்று தெரியாது. போனால் நீ ஒரு படகில், நான் ஒரு படகில்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். உன் அண்ணன் வரவில்லை. வருகிறீர்களா என்று கேட்டேன், "ம்" என்றார். அந்த "ம்"முக்கு இந்தத் தடவை நான் அர்த்தம் போடவில்லை. வாயைத் திறந்து சொல்லும்வரை கணக்கில் சேர்ப்பதாக இல்லை.

நான் வருகிறேன் என்று மாமாவிடம் சொல்லாதே. சொன்னால் அவர் முகத்தைப் பார்த்து, சந்தோஷம் என்றோ கோபம் என்றோ எனக்கு நீ எழுதுவாய். வேண்டாம். நான் வந்து அவருடைய இடது பக்கம் உட்கார்ந்து, ஒரே தடவை கேட்கிறேன். அவர் சொல்லும்வரை இருக்கிறேன். மறுநாள்தான் சொல்வார் என்றால் மறுநாள்வரை. உன் வீட்டில் ஒரு பாய் போதும், உபசாரம் எதுவும் தேவையில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. அவர் என்னோடு வரமாட்டேன் என்றால், சேர்ந்திருக்கும் பேப்பர்களை மட்டும் கொடுத்துவிட்டுத் திரும்புகிறேன்.

ஒன்று மட்டும் உன்னிடம் கேட்டுக்கொள்கிறேன். நான் வருவதற்குள் அவருடைய பெட்டியைக் கட்டி வைத்துவிடாதே.

அண்ணி